திரைவானில் அறப்போர்

கணினித் திரையிலே விமானப் போர் நடத்தும் விளையாட்டு ஒன்று இன்று உலகெங்கும் பரவியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். அறைக்குள் அமர்ந்தவாறே ஒருவன் விமானியாகிறான். அவன் கைப்பிடியை அசைத்தால் திரையிலுள்ள விமானம் சாய்கிறது; பின்னுக்கு இழுத்தால் மேலெழுகிறது; பொத்தானை அழுத்தினால் குண்டு பொழிகிறது. எதிரே பறந்து வரும் விமானத்தை ஓட்டுபவன் வேறொரு நாட்டில், வேறோர் அறையில் இருக்கிறான். இருவரையும் இணைப்பது இணையம் ஒன்றே. ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை; பெரும்பாலும் காணப்போவதுமில்லை.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட குன்னம் பகுதியைச் சேர்ந்தவன் நான். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் பூமி அது. அங்கும் இவ்விளையாட்டில் ஈடுபட்ட இளைஞர்கள் உண்டு. அவர்கள் என்னிடம் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று: "ஓடுதளத்திலிருந்து இன்னும் எழும்பாத விமானத்தைச் சுடுகிறோம், பொறி அதைத் தடுப்பதில்லை, மதிப்பெண்ணும் தருகிறது. ஆனால் எதிரே ஆடுபவர் எங்களைக் கோழைகள் என்கிறார். பொறி அனுமதிக்கும் ஒன்று எப்படிக் குற்றமாகும்?"

விளையாட்டுத்தானே என்று இவ்வினாவைத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால், செய்ய இயல்வது எல்லாம் செய்யத் தக்கதாகுமா என்பது மனித குலத்தின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. நம் முன்னோர் அதனைப் போர்க்களத்தில் நின்றே எழுப்பியிருக்கின்றனர். ஆதலின் வரலாற்றின் துணைகொண்டு விடை காண முயல்வோம்.

புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு, பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்னும் பாண்டியனை நெட்டிமையார் பாடியது. அவ்வரசன் போர் தொடங்குமுன் அறிவிப்புச் செய்யும் வழக்கத்தை அது புகழ்கிறது. பசுக்களும், பசுவின் இயல்புடைய பார்ப்பனரும், பெண்டிரும், பிணியுடையோரும், முன்னோர்க்குக் கடனாற்றும் புதல்வரைப் பெறாதோரும் பாதுகாப்பான இடம் சென்று சேர்க, அம்புகள் பாயவிருக்கின்றன என்பது அவ்வறிவிப்பின் கருத்து. முன்னறிவித்தலால் படைக்கு இழப்பு உண்டு, பகைவன் விழித்துக்கொள்வான். அவ்விழப்பை ஏற்றுக்கொண்டு செய்யும் போரையே புலவர் அறத்தின் வழிப்பட்டதாகக் கொண்டார்.

இத்துடன் நிறுத்திவிட்டால் வரலாற்றுக்கு நியாயம் செய்தவராக மாட்டோம். அதே நெட்டிமையார் அதே அரசனைப் பாடிய பதினைந்தாம் பாட்டிலே, பகைவருடைய தெருக்களைக் கழுதை பூட்டிய ஏரால் உழுது பாழாக்கிய செயலும் புகழப்படுகிறது. பழந்தமிழர் போர் முழுவதும் அறப்போராகவே இருந்தது என்று சொல்ல அந்தப் பாட்டு நம்மை விடாது. கொடுமையும் வரம்பும் ஒரே களத்தில், ஒரே மன்னனிடத்தில் இருந்தன. அறம் என்பது இயற்கையாகக் கிடைத்த பேறன்று. ஒவ்வொரு களத்திலும் முயன்று காக்க வேண்டிய ஒன்றாகவே என்றும் இருந்திருக்கிறது.

அவ்வாறு காத்தவற்றுள் ஒன்றுக்குத் தமிழ் இலக்கணம் தனிப்பெயரே வைத்திருக்கிறது. ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலையில் தழிஞ்சி என்று ஒரு துறை உண்டு. தோற்றுப் புறங்காட்டி ஓடுவோர்மேல் வாளோச்சாத வீரத்தை அது குறிக்கிறது. இதனை இரக்கம் என்று கூறி நூல் விட்டுவிடவில்லை. வீரத்தின் ஒரு கூறாகவே கொண்டது. திருக்குறளும் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில் இதனையே வேறு வகையாற் சொல்கிறது. பகைவரை அஞ்சாது எதிர்ப்பது ஆண்மை. ஆனால் அவர்க்கு ஓர் இடர் நேர்ந்தபோது உதவி நிற்பது அவ்வாண்மையின் கூர்மை என்பது வள்ளுவர் கருத்து. கருணையால் வீரம் மழுங்கிவிடும் என்று எண்ணுவோருக்கு, கருணையே வீரத்தைத் தீட்டுகிறது என்பது அவர் தரும் மறுமொழி.

வென்றவனும் தோற்றவனும் ஒருவரையொருவர் மதித்தல் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்வேன். இன்றைய திருவாரூர் மாவட்டத்துக் கோயில்வெண்ணியே பழைய வெண்ணி. அவ்வூர்ப் போரில் கரிகாலன் வென்றான். சேரமான் பெருஞ்சேரலாதன் தோற்றான். மார்பிலே பாய்ந்த வேல் முதுகையும் புண்படுத்தியதனால், புறப்புண்ணுக்கு நாணிய சேரன் வடக்கிருந்து உயிர் நீத்தான். அப்போது வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர் கரிகாலனைப் பாடினார். வென்றவனை நோக்கி, உன்னினும் தோற்ற அவன் நல்லவன் அல்லனோ என்னும் பொருள்பட அவர் பாடிய அப்பாட்டுப் புறநானூற்றில் அறுபத்தாறாம் பாட்டாக நிற்கிறது. வென்ற மன்னன் முன்னிலையிலேயே தோற்றவன் பெருமையைப் பேச ஒரு புலவருக்கு இயன்றது. விளையாட்டுப் பண்பு என்று நாம் இன்று சொல்வதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ!

இனி, பல நூற்றாண்டுகள் கடந்து எங்கள் பகுதிக்கு வருவோம். பெரம்பலூருக்கு வடக்கே நெடுஞ்சாலையை ஒட்டி ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. கர்நாடக நவாப் பதவிக்காகச் சந்தா சாகிபும் முகமது அலியும் போரிட்ட காலத்தில், 1751ஆம் ஆண்டு, அதனை அடுத்த வாலிகண்டபுரத்தருகே சண்டை நடந்தது. சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரரும், முகமது அலிக்கு ஆங்கிலேயரும் துணை நின்றனர். மறு ஆண்டில் சந்தா சாகிபின் நிலை தாழ்ந்தது. திருவரங்கத்தில் முற்றுகைக்குள் அகப்பட்ட அவர், தஞ்சைத் தளபதி மானோஜி அளித்த உறுதிமொழியை நம்பி அவரிடம் சென்றார். பாதுகாப்பாக வெளியேற்றுவதாகச் சொன்ன வாக்குக் காக்கப்படவில்லை. 1752 ஜூன் மாதத்தில் அவர் தலை துணிக்கப்பட்டது.

போரில் பகைவனைக் கொல்வது வேறு. வாக்குக் கொடுத்து வரவழைத்துக் கொல்வது வேறு. பின்னதனால் ஒருவர் உயிர் மட்டும் போவதில்லை. இனி எவன் கொடுக்கும் வாக்கையும் எவனும் நம்பமாட்டான். சரணடைய எண்ணுபவனும் சாகும்வரை போரிடுவான். பொய் வாக்கினால் ஒருநாள் வெற்றி கிட்டலாம். ஆனால் போரை நிறுத்துவதற்கு இருந்த கதவே அடைபட்டுப் போகிறது.

ஆயின் பகைவனை ஏமாற்றுதல் முழுவதும் கூடாதோ எனின், அன்று. சூழ்ச்சிக்கும் வஞ்சகத்துக்கும் இடையே ஒரு கோடு உண்டு. அக்கோட்டைக் காட்டுவதற்கு எம்டன் கப்பலின் கதை உதவும். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலாகிய எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கருகே வந்து எண்ணெய்த் தொட்டிகள்மீது குண்டு வீசியது. தொட்டிகள் தீப்பற்றின, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. சென்னை மக்கள் கலங்கினர். அன்று தொட்டுத் தமிழ்ப் பேச்சு வழக்கில், வல்லவனையும் எளிதில் பிடிபடாதவனையும் எம்டன் என்று சொல்லும் வழக்கம் உண்டாயிற்று.

அக்கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். அவர் அவ்வாண்டு அக்டோபர் 28ஆம் நாள் பினாங்குத் துறைமுகத்தினுள் நுழைந்தார். எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றை நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல் போலத் தோன்றுமாறு அவர் செய்திருந்தார். இது சூழ்ச்சி. ஆனால் சுடுவதற்கு முன்னர் தம் நாட்டுக் கொடியை ஏற்றினார். பொய் உருவத்தோடு நெருங்கலாம். பொய்க் கொடியின் கீழ் நின்று சுடலாகாது என்பது கடற்போரின் மரபு. அங்கே ரஷ்யக் கப்பல் ஒன்றை மூழ்கடித்தார். பின்னர்ப் பிரெஞ்சு நாசகாரிக் கப்பல் ஒன்றையும் மூழ்கடித்து, நீரில் தத்தளித்த அதன் மாலுமிகளைத் தம் கப்பலில் ஏற்றிக் காத்தார். அவரால் இழப்புற்றவர்களே அவர் பண்பைப் பாராட்டினர்.

அந்தப் பெரும்போரில்தான் மனிதன் முதன்முதலாக வானத்தையும் பரந்த போர்க்களமாக்கினான். ஜெர்மானிய விமானி ஆஸ்வால்ட் போல்க்கே 1916ஆம் ஆண்டில் வான்போருக்குரிய நெறிகள் எட்டினை வகுத்தார். தாக்குமுன் அனுகூலமான நிலையைப் பெறுக. சூரியனை முதுகுப்புறம் வைத்துக்கொள்க. நெருங்கிய பின்னரே சுடுக. கூடுமானவரை பின்புறமிருந்தே தாக்குக என்பன அவற்றுட் சில. பின்புறமிருந்து தாக்குவது அறமாகுமோ என்று நீங்கள் கேட்கலாம். வானத்தில் அது இருவர்க்கும் தெரிந்த முறை. எதிரியும் அதற்கே முயல்கிறான். தற்காத்துக்கொள்ளும் கலையும் இருவர்க்கும் உண்டு. ஆகவே அது திறமையின்பாற்படும். அவ்வாண்டு அக்டோபரில் தம் படைத்தோழர் விமானத்தோடு மோதி போல்க்கே இறந்தபோது, அவர் எதிர்த்துப் போரிட்ட பிரிட்டிஷ் விமானிகளே வானிலிருந்து மலர் வளையம் ஒன்றை இட்டு அஞ்சலி செலுத்தினர்.

அவ்வானில் நம் நாட்டு இளைஞர் ஒருவரும் பறந்தார். கல்கத்தாவில் 1898இல் பிறந்த இந்திரலால் ராய், பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து, 1918 ஜூலை மாதத்தில் இரண்டு வாரங்களுக்குள் பத்து வான்வெற்றிகள் பெற்றார். அம்மாதம் 22ஆம் நாள் வான்போரில் வீழ்ந்தார். அவருக்கு வயது பத்தொன்பது. உங்களுள் பலர்க்கு இன்று அவ்வயதுதான். வான்போரைக் காவியமாகக் கருதுவோர் இவ்வயதை மறத்தலாகாது. மலர் வளையமும் மரியாதையும் உயர்ந்தனவே. ஆயினும் வீழ்ந்தவன் மீண்டும் எழுந்து வரவில்லை.

பழுதுற்ற விமானத்திலிருந்து பாராசூட் மூலம் குதிப்பவனைச் சுடலாமா என்ற வினாவும் அப்போர்களிலே பிறந்தது. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளோடு 1977இல் சேர்க்கப்பட்ட முதலாம் கூடுதல் நெறிமுறை, தன் 42ஆம் பிரிவில், இடருற்ற விமானத்திலிருந்து குதித்து இறங்குபவனை அவன் இறங்கும்போது தாக்கலாகாது என்று விதித்தது. விமானத்தை இழந்தவன் அந்நேரத்தில் போர்வீரனல்லன். உயிர் தப்ப முயலும் மனிதன். தமிழகத்தைப் பூர்வீகமாகக் கொண்ட விமானி அபிநந்தன் வர்த்தமான் 2019 பிப்ரவரி 27ஆம் நாள் பாராசூட் மூலம் பாகிஸ்தானின் கட்டுப்பாட்டிலுள்ள பகுதியில் இறங்கிப் பிடிபட்டதும், மார்ச் 1ஆம் நாள் வாகா எல்லையில் திருப்பி ஒப்படைக்கப்பட்டதும் உங்கள் நினைவில் இருக்கும். அந்த மூன்று நாட்களும், போர்க்கைதியைக் காக்கும் ஜெனீவா விதிகளை நாடு முழுவதும் பேசியது. ஏட்டிலுள்ள விதி ஒரு வீட்டின் விளக்கை அணையாமற் காக்கும் என்பதை அன்று பலரும் உணர்ந்தனர்.

இனி, விளையாட்டுக்கு வருவோம். தரையிலிருந்தே பறக்கப் பழகும் பொறியை 1929ஆம் ஆண்டில் அமெரிக்கர் எட்வின் லிங்க் உருவாக்கினார். அவர் தந்தை பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். ஆர்கனில் காற்றூதும் துருத்திகளையே கொண்டு, சாய்ந்தும் நிமிர்ந்தும் ஆடும் சிறு விமானக் கூண்டு ஒன்றை மகன் அமைத்தார். 1934இல், தபால் விமானங்களை ஓட்டிய அமெரிக்கப் படை விமானிகள் பலர் மோசமான வானிலையில் விபத்துக்குள்ளாகி மடிந்தனர். அதன் பின்னரே அப்படை இப்பொறிகளில் ஆறினை வாங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது ஆயிரக்கணக்கான விமானிகள் இதில் பயின்றனர். இப்பொறி பிறந்த நோக்கம், பிழை செய்தவனும் பிழைத்திருந்து கற்க வேண்டும் என்பதே.

பின்னர்க் கணினி வந்தது. 1980களின் பிற்பகுதியில் ஏர் வாரியர் என்னும் விளையாட்டு, தொலைபேசி வழியே இணைந்த பலரை ஒரே வானத்தில் பறக்கச் செய்தது. 2001இல் ரஷ்யாவில் உருவான ஐ.எல்.2 போன்றவை தொடர்ந்தன. நம் விமானப் படையும் 2019 ஜூலையில் கைப்பேசிக்கான விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. பலர் கூடிய இடத்தில் வழக்கமும் பிறந்தது. இவ்விளையாட்டுக்காரர் பலர் மோதலுக்கு முன்னும் பின்னும் ஆங்கில எழுத்தாகிய 'எஸ்' ஒன்றை எதிரிக்கு எழுதி அனுப்புவர். அது வணக்கத்தைக் குறிக்கும் ஓரெழுத்துச் சொல்.

இப்போது இளைஞர்களின் வினாவை எடுத்துக்கொள்வோம். உயரத்தையும் சூரிய ஒளியையும் பயன்படுத்தித் தாக்குவது திறமை, அதில் குறையில்லை. தோற்கும் தறுவாயில் இணைப்பைத் துண்டித்து மறைவது, தோல்வியைத் திருடுவதாகும். கள்ள நிரல்களைச் சேர்த்துக்கொள்வது பொய்க் கொடியின் கீழ்ச் சுடுவதற்கு ஒப்பாகும். ஒருவரோடு ஒருவர் மட்டும் பொருதுவதென்று ஒப்புக்கொண்டபின் துணைவனை ஒளித்துவைத்து அழைப்பது, சிறிய அளவில் சந்தா சாகிபுக்கு நேர்ந்ததே.

ஓடுதளத்து விமானத்தைச் சுடுவது சிறிது நுட்பமான வினா. உண்மைப் போரில் விமானத் தளங்களைத் தாக்குதல் வழக்கமே. 1965இல் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றன் தளத்தை மற்றொன்று தாக்கின. ஆதலின், முழுப்போரையே ஆடுவதென இரு தரப்பாரும் ஒப்பிய களத்தில் அது குற்றமன்று. ஆனால் வான்சண்டையின் இன்பத்துக்கென்றே கூடிய களத்தில், எதிரி எழும்பும் இடத்தில் வட்டமிட்டு நின்று மீண்டும் மீண்டும் சுட்டால், அவன் ஆடவே இயலாது. எதிரி ஆடாத ஆட்டத்தில் வெற்றி என்பது ஏது? ஆகவே கேட்க வேண்டியவை மூன்று: இது இருவரும் அறிந்து ஒப்பிய முறையா? எதிரி இன்னும் களத்தில் நிற்கிறானா, அல்லது களத்தை விட்டு நீங்கியவனா? இதனையே அவன் எனக்குச் செய்தால் முறையென்று ஏற்பேனா? முன்னறிவித்த பாண்டியனும், தழிஞ்சித் துறையும், கொடியேற்றிய எம்டனும் நமக்குக் கற்பிப்பவை இவையே.

பொறி அனுமதிக்கிறதே என்பார்க்கு 2020 ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு போட்டியைச் சொல்வேன். கணினிகள் தாமே ஓட்டும் விமானங்களைப் பாவனை வானில் மோதவிட்டனர். இறுதியில் வென்ற நிரல், அனுபவமிக்க மனித விமானி ஒருவரை ஐந்துக்கு ஐந்து என்று வென்றது. நேருக்கு நேர் பாய்ந்து வந்து சுடுவது அதன் முறை. விமானங்கள் மோதி இருவரும் மடியக்கூடும் என்பதால் அமெரிக்க விமானப் படை தன் பயிற்சியில் தடைசெய்திருக்கும் முறை அது. நிரலின்மேல் குற்றமில்லை. எதிரே ஓர் உயிர் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. தன் உயிரென்று ஒன்றும் அதற்கில்லை. இயல்வதெல்லாம் செய்வது பொறியின் இயல்பு. இயன்றும் செய்யாதிருக்க வல்லவன் மனிதன் ஒருவனே.

உண்மைப் போரில் வரம்பு காத்தோர் பலரை அச்சமும் தடுத்திருக்கலாம். நாளை நானும் பாராசூட்டில் தொங்க நேரிடலாம் என்று எண்ணிய விமானி, பகைவனையும் சுடாது விட்டிருக்கலாம். திரைவானில் அந்த அச்சம் இல்லை. தண்டனை அரிது, பெயரும் புனைபெயர், முகமும் தெரியாது. ஆதலின் அங்கே ஒருவன் காட்டும் நேர்மை, அச்சம் கலவாத நேர்மை. விளையாட்டு அற்பமானது என்று தள்ளாமல் நான் இவ்வளவு பேசியது இதற்காகவே. யாரும் காணாத இடத்தில் ஒருவன் பழகும் பழக்கமே, நாளை அவன் தேர்வெழுதும்போதும், கணக்கெழுதும்போதும், அதிகாரத்தில் அமரும்போதும் அவனோடு கூடவே வரும்.

எங்கள் ஊர்ப்பக்கம் சடுகுடு ஆடும் பிள்ளைகளைக் கண்டிருப்பீர்கள். பாடிச் சென்றவன் கை மெல்லத் தன்மேற் பட்டது, நடுவர் காணவில்லை, கூட்டமும் காணவில்லை. பட்டவனுக்கு மட்டுமே அது தெரியும். நல்ல ஆட்டக்காரன் கையை உயர்த்திவிட்டுத் தானே கோட்டுக்கு வெளியே நடக்கிறான். அந்த நடை அவனைத் தோற்றவனாக்கலாம். ஆனால் அவ்வாட்டம் ஆட்டமாக நிற்பது அந்த நடையினாலேதான். கோடு மண்ணிலே கிழித்ததாயினும் திரையிலே தோன்றுவதாயினும், அதனை மதிக்கும் மனம் ஒன்றே.